துப்பறியும் இல்லாள்: சேதுநாட்டுக் கரையிலிருந்து ஒரு நோக்கு

தமிழில் துப்பறியும் நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வர். 1908இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' தொடங்கி, ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரையும் கண்டு, தமிழ்வாணனிடத்துச் சற்றே தங்கி, சுஜாதாவிடம் சென்று சேர்வது அவ்வழி. இவ்வழியில் எதிர்ப்படும் துப்பறிவோர் அனைவரும் ஆடவர். கோவிந்தன், திகம்பர சாமியார், சங்கர்லால், கணேஷ், வசந்த் என்று அப்பெயர்களை அடுக்கிப் பார்த்தாலே இஃது விளங்கும். பெண்கள் இவ்வரலாற்றில் கொலையுண்டவராக வருவர், கடத்தப்பட்டவராக வருவர், ஐயத்திற்கு உரியவராகவும் வருவர். ஆராய்பவராக வருதல் மிக அரிது. துறவியரும் வழக்கறிஞரும் ஆராய்கின்றனர். அடுக்களையில் நிற்பவள் ஆராய்வதில்லை.

மேனாட்டில் இப்போது பெருவழக்காய் உள்ள நாவல்வகை இதற்கு நேர்மாறானது. இல்லத்தினுள் நிகழும் குற்றத்தை, அல்லது குற்றமோ என்று ஐயுறத்தக்க ஒன்றை, எப்பயிற்சியும் இல்லாத எளிய பெண்ணொருத்தி தனித்து நின்று ஆராய்வது அதன் பொருள். கில்லியன் பிளின் எழுதிய 'கான் கேர்ள்' (2012), பாலா ஹாக்கின்சு எழுதிய 'த கேர்ள் ஆன் த டிரெயின்' (2015) ஆகிய இரண்டும் உலகெங்கும் விற்பனையானதன் பின்னர், இல்லத்துத் திகில் நாவல் எனத் தனியே ஒரு வகுப்பே அமைத்துவிட்டனர் பதிப்பாளர். இது மேலைக்காற்றில் வந்த புதுமை என்றும், நம் மரபில் இதற்கு வேர் இல்லை என்றும் கருதுவாரும் உளர். அக்கருத்து ஆராயத்தக்கது.

இக்கட்டுரையின் கோள் இது: இல்லத்துள் நிகழ்வதை ஆராய்தல் தமிழிலக்கியத்தில் தொன்றுதொட்டே பெண்ணின் தொழில். ஆனால் அவள் அதனைத் தனித்துச் செய்வதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிச் செல்லும் ஒரு தொடரில் அவள் ஒரு கண்ணி. அத்தொடர் எங்கே அறுகிறதோ அங்கேதான் தனித்து ஆராயும் பெண் தோன்றுகின்றாள். இதனைக் காட்டுதற்குச் சேதுநாட்டையும் அதன் கடற்கரையையும் நிலைக்களனாகக் கொள்வாம். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பெற்று, 1985இல் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றாகப் பிரிக்கப்பெற்ற பழைய இராமநாதபுர மாவட்டத்தையே ஈண்டுச் சேதுநாடு என்று பொதுப்படச் சுட்டுவாம். வரலாற்றுச் சேதுநாட்டின் எல்லை இதனின் வேறாம் என்பது அறிஞர் அறிந்ததே.

முதற்கண் அகத்திணை மரபை நோக்குவாம். களவு என்னும் சொல்லே ஒளிக்கப்பட்டதைக் குறிப்பது. ஒளிக்கப்பட்டது உண்டெனின் அதனைத் தேடுவாரும் உண்டு. தலைவியின் மேனி வேறுபாட்டை முதலிற் காண்பவள் செவிலி. தோள் மெலிந்தது ஏன், வளை நெகிழ்ந்தது ஏன், இரவில் உறங்காமை ஏன் என்று அவள் கேட்பவை யாவும் இன்றைய துப்பறிவோன் கேட்கும் வினாக்களே. சான்றுகள் எல்லாம் வீட்டுப்பொருளும் உடலுமே. பின்னர்க் கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெற்பரப்பிக் குறிகேட்டலும், வேலனை அழைத்து வெறியாடுவித்தலும் நிகழும். வேலன் முருகனைக் காரணம் காட்டுவான். அது பொய்த்துப்பு. அதனை நேரே மறுக்காமல், குறிப்பாலே உடைப்பவள் தோழி. இதன் முடிவாகவே அறத்தொடு நிற்றல் அமைகின்றது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் கூற, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் குறிப்பாற் புலப்படுத்துவாள் என்பது இலக்கண நூலார் காட்டும் நெறி. உண்மை நான்கு பெண்களின் கைகளைக் கடந்த பின்னரே ஆடவரை எட்டுகிறது. இவ்வொழுங்கில் எந்தப் பெண்ணும் தனியள் அல்லள் என்பதையும், இறுதியிற் செயலாற்றுபவர் தந்தையும் தமையன்மாருமே என்பதையும் உளங்கொள்ளல் வேண்டும்.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் மிகையாகாது. துப்பு என்பதற்குப் பழைய நூல்களில் வலிமை, உணவு, பவளம் எனப் பொருள்கள் உண்டு. குற்றத்தின் தடயம் என்னும் பொருள் பிற்காலத்தது. பவளப் பாறைகள் நிறைந்த மன்னார் வளைகுடாவின் கரையில் நின்று இச்சொல்லை எண்ணுவார்க்கு ஒரு மகிழ்ச்சி தோன்றலாம். ஆனால் பவளத்திலிருந்து தடயத்திற்குப் பொருள் தாவியது என்று சொல்லச் சான்றில்லை. எண்ணி மகிழ்வதோடு அமைவதே நன்று.

இனிக் கண்ணகி. புகாரில் அவளுக்குத் தேவந்தி என்னும் தோழி உண்டு. தாயரும் மாமியும் உண்டு. மதுரையில் எவருமில்லை. அடைக்கலம் தந்த மாதரி அன்புடையவளே எனினும், ஒருநாள் இருநாள் அறிமுகத்தினள். கவுந்தியடிகள் உடன் இல்லை. கோவலன் கொலையுண்ட செய்தியை நகரிலிருந்து வந்த ஒருத்தி சொல்ல, அக்கணமே அவள் வாழ்ந்த உலகின் தொடர் முழுதும் அறுந்துவிடுகின்றது. அறத்தொடு நிற்பதற்குத் தோழியும் இல்லை, செவிலியும் இல்லை. நான்கு பெண்கள் வழியே ஆடவர் அவையை எட்ட வேண்டிய உண்மையை அவள் ஒருத்தியே சுமந்து, நேரே அரசவையில் இடுகின்றாள். கண்ணகியின் பெருமையைக் கற்பென்றும் சீற்றமென்றும் பல்லாயிரம் பக்கங்களிற் பேசியுள்ளோம். அவள் வழக்கு நடத்திய முறையைப் பேசியது குறைவு.

வழக்குரை காதையை ஒரு வழக்காக மட்டும் படித்துப் பார்க்க. வாயிலோன் வழியாக உட்புகுந்தவள் முதலில் தன் ஊரையும் குடியையும் கணவன் பெயரையும் முறையே அறிவிக்கின்றாள். கள்வனைக் கொல்லுதல் அரசநெறியே என்று மன்னன் விடை கூறுகின்றான். அவன் கூறிய நெறியோடு அவள் வழக்காடவில்லை. அது அவளுக்குத் தேவையுமில்லை. கள்வன் என்பது மெய்யா என்னும் ஒன்றையே பற்றிக்கொள்கிறாள். தன் சிலம்பின் உள்ளிடு பரல் மணி என்பதை முன்கூட்டியே அவையறியச் சொல்லிவிடுகின்றாள். மன்னனும் தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று தன் வாயாலே கூறிவிடுகின்றான். இருதிறத்தாரும் கூற்றுரைத்த பின்னரே சிலம்பு கொணரப்படுகிறது. அதன் பின்னரே உடைக்கப்படுகிறது. உடைத்தபின் பரலைக் கண்டு ஒருவர் தம் கூற்றை மாற்றிக்கொள்ள வழியில்லை. சான்றுப்பொருளைத் திறக்குமுன் இருவர் கூற்றையும் கட்டிவைக்கும் இம்முறையைப் பயிற்சி பெற்ற வழக்கறிஞரும் மெச்சுவர். அரசன் ஆராயாது விட்ட ஒன்றை ஆராய்ந்து காட்டியவள் வணிகர் குடியிற் பிறந்து, வீட்டை விட்டு வெளியே அதிகம் சென்றறியாத பெண்.

அவ்வழக்கைத் தீர்த்த பொருளும் நாம் கருதும் கரையைச் சார்ந்ததே. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து இருந்தது தற்செயலன்று. கொற்கை முதலாக வடக்கே நீண்டு செல்லும் பாண்டிநாட்டுக் கடலின் விளைபொருள் அது. பாண்டியன் அரண்மனையில் முத்தும், புகார் வணிகன் மனையில் மாணிக்கமும் இருத்தல் இயல்பே. கடலின் வளமே அரசனுக்கு எதிராகச் சான்று கூறிற்று.

நிற்க. பெண் கொணரும் சான்றை அவை நம்பலாமா என்னும் அச்சமும் நம் மரபில் உண்டு. பழையனூர் நீலி கதை அவ்வச்சத்தின் வடிவம். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகனைத் தன் கணவன் என்று அவையில் வாதாடுகின்றாள் நீலி. அவை நம்புகிறது, பிணை நின்ற வேளாளர் எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். மதுரையில் அவை பெண்ணைக் கேளாமல் தவறியது. பழையனூரில் கேட்டுத் தவறியது. பிற்காலத் துப்பறியும் நாவலாசிரியர் பெண்ணை நம்பத்தகாதவளாகப் படைக்கும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, நீலியின் பக்கமே சாய்கின்றனர்.

சேதுநாட்டிற்கே உரிய கதை ஒன்று உண்டு. அது நல்லதங்காள் கதை. புகழேந்திப் புலவர் பெயரால் அச்சிடப்பெற்றுச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற கதைப்பாடல்களுள் இதற்கு இணையாகப் பெண்களின் கண்ணீரைப் பெற்றது வேறில்லை. வத்திராயிருப்பை அடுத்த அருச்சுனாபுரம் அவள் பிறந்த ஊர் என்றும், மானாமதுரை அவள் புகுந்த ஊர் என்றும் கூறுவர். இவ்விரண்டும் பழைய இராமநாதபுர மாவட்டத்தின் இரு கோடிகள். பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு பிறந்தகம் வருகின்றாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குச் சென்றிருக்க, அண்ணன் மனைவி மூளியலங்காரி கதவடைக்கின்றாள்; பின்னர் உளுத்த கேழ்வரகும் ஓட்டைச் சட்டியும் ஈரவிறகும் தருகின்றாள். நல்லதங்காள் குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்கின்றாள்.

இதனைச் சோகக்கதை என்று மட்டும் வகுத்துவிடுதல் நம் வழக்கம். இல்லத்துக் குற்றத்தின் கூறுகள் அனைத்தும் இதன்கண் உள என்பதைக் காண்க. குற்றம் நிகழ்ந்த இடம் அடுக்களை, கருவி பட்டினி, சான்றுகள் சட்டியும் விறகும் தானியமும், குற்றவாளி அன்புடன் விருந்தோம்பியதாகப் பொய்யுரைக்கும் உறவினள். கதையின் பாடங்கள் சிலவற்றில், தேடி வருவோர் வழி காணும்பொருட்டு நல்லதங்காள் செடிக்கொத்துகளை ஒடித்து வழியெங்கும் இட்டுச் செல்கின்றாள். சாகப்போகிறவள் தன் சாவை ஆராயப்போகிறவனுக்குத் தடயம் விட்டுச் செல்லும் இக்காட்சிக்கு நிகரான ஒன்றை மேனாட்டுத் துப்பறியும் கதைகளிலும் எளிதிற் காண்டல் அரிது. ஆயினும் ஆராய்பவன் அண்ணன், தண்டிப்பவனும் அவனே. பெண் தடயம் மட்டும் தருகின்றாள். அவளுக்கு ஒரு தோழி இருந்திருப்பின், கிணறு தேவைப்பட்டிராது. பிறந்த வீட்டுக் கதவே அடைபட்டபோது தொடரின் முதற்கண்ணியே அறுந்துவிட்டது.

கதையிலன்றி வரலாற்றிலும் இந்நாட்டுப் பெண்டிர் வீட்டுப்பூசலின் உண்மையை அவையில் நிறுவப் பெரிதும் உழைத்துள்ளனர். 1829இல் சிவகங்கை சமீன்தார் கௌரி வல்லப பெரிய உடையத் தேவர் ஆண்மகவின்றி இறந்தபின், அவர் தமையன் வழியினர் சமீனைக் கைக்கொண்டனர். குடும்பம் பிரியாத குடும்பமா, சமீன் அவர் தாமே ஈட்டியதா என்னும் இரு வினாக்களில் வழக்கு முப்பது ஆண்டிற்கு மேல் நடந்தது. 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில் மகள் கட்டம நாச்சியாருக்கே உரிமை என்று தீர்த்தது. இன்றும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பு அது. அவர் எளிய பெண் அல்லர். வழக்கும் குற்ற வழக்கன்று. எனினும், இறந்தவர் விட்டுச் சென்ற ஓலையையும் ஒப்பந்தத்தையும் உறவினர் வாய்மொழியையும் கொண்டு, வீட்டின் உள்நிலை யாதாயிருந்தது என்று அயலார் அவையில் நிறுவும் உழைப்பை ஒரு பெண் பெயர் தாங்கி நின்றது என்பதைத் துப்பறியும் நாவலின் முன்வரலாற்றில் சேர்த்தே எண்ணல் வேண்டும். முற்காலத் தமிழ்த் துப்பறியும் நாவல்களில் சமீனும் உயிலும் சுவீகாரமும் அடிக்கடி தலைகாட்டுதற்கு இத்தகைய வழக்குகள் நாட்டாரிடையே பேச்சாயிருந்தமையும் ஒரு காரணமாகலாம்.

இனி நாவலுக்கு வருவாம். 1892இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பால் சிலப்பதிகாரம் முழுமையாக அச்சேறிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்து 'இராஜாம்பாள்' வந்தது. கண்ணகியின் வழக்கை முதன்முதல் அச்சில் முழுமையாகக் கண்ட தலைமுறையே துப்பறியும் நாவலையும் கண்டது. ஆனால் புதிய நாவலாசிரியர் முன்மாதிரி தேடிச் சென்றது மதுரைக்கன்று, இலண்டனுக்கு. ரெயினால்ட்சும் கானன் டாயிலும் அவர்கட்கு வழிகாட்டினர். அதே 1908இல் அமெரிக்காவில் மேரி ராபர்ட்சு ரைன்கார்ட்டு என்பார் 'த சர்க்குலர் ஸ்டெர்கேஸ்' என்னும் நாவலை வெளியிட்டார். மணமாகாத நடுவயதுப் பெண்ணொருத்தி கோடைக்கு ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கு நிகழும் கொலைகளின் மருமத்தைத் தானே ஆராய்வது அதன் கதை. அதற்கும் முன்னரே, 1875இல், வில்கி காலின்சு எழுதிய 'த லா அண்ட் த லேடி' என்னும் நாவலில் வலேரியா என்பாள், முதல் மனைவியை நஞ்சிட்டுக் கொன்றான் என்று பழிசுமந்த தன் கணவன் குற்றமற்றவன் என்பதை மெய்ப்பிக்கப் புறப்படுகின்றாள். ஸ்காத்துலாந்து நீதிமன்றம் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மட்டும் தீர்த்திருந்தது. குற்றமற்றவன் என்று கூறவில்லை. கணவனே வேண்டாவென்று தடுத்தும் அவள் நிறுத்தவில்லை. உண்மை இறுதியில் ஒரு குப்பைமேட்டிலிருந்து, கிழிந்த கடிதத் துண்டுகளாக எடுக்கப்படுகின்றது. கணவன் மேலுள்ள கள்வன் என்னும் பழியைச் சிலம்பால் துடைத்தவளுக்கும், கொலைஞன் என்னும் பழியைக் கிழிந்த தாளால் துடைத்தவளுக்கும் இடையே உள்ள ஒற்றுமை ஒப்பிலக்கிய மாணவர் ஒருவர் தனியே ஆராயத் தக்கது. ஆயின் நம் முன்னோடிகள் மேனாட்டுக் கடைவீதியில் தெரிந்தெடுத்தது துப்பறியும் ஆடவனையே.

காரணம் யாது? அறியாமை என்று சொல்லிவிட முடியாது. 1908இன் தமிழ்வீடு கூட்டுக்குடும்ப வீடு. மாமியார், நாத்தனார், ஓர்ப்படியாள், வேலைக்காரி, அண்டைவீட்டார் என எப்போதும் பத்துக் கண்கள் விழித்திருக்கும் இடம். அங்கு அகத்திணையின் தொடர் இன்னும் உயிரோடிருந்தது. ஒருத்தி தனித்திருந்து ஆராய இடமுமில்லை, தேவையுமில்லை. தொடர் தன் வேலையைச் செய்யத் தவறினால், வெளியிலிருந்து ஓர் ஆடவன் வந்து முடிச்சை அவிழ்ப்பான். பழைய வெறியாட்டில் வேலன் நின்ற இடத்தில் இப்போது துப்பறிவோன் நிற்கின்றான். வேறுபாடு ஒன்றே: வேலன் தவறுவான், இவன் தவறான்.

வடுவூராரின் 'மேனகா' இதற்கு நல்ல சான்று. 1935இல் திரைப்படமாகவும் வந்த இக்கதையில், மேனகா புகுந்தகத்தில் கணவன் வராகசாமியின் தமக்கையரான பெருந்தேவி, கோமளம் இருவரிடமும் அகப்படுகின்றாள். அவர்களது சூழ்ச்சியால் நைனா முகம்மது என்னும் செல்வனுக்கு விற்கப்படுகின்றாள். நைனா முகம்மதின் மனைவி நூர்ஜகான் தன் கணவனின் தீச்செயலை அறிந்து மேனகாவைக் காக்கின்றாள். வில்லனை முசுலிம் செல்வனாகப் படைத்தது அக்காலத்து எளிய வழக்கத்திற்கு ஆசிரியர் இணங்கியதே. கீழக்கரையின் சீதக்காதியை அறிந்த சேதுநாட்டு வாசகர் அதனை விருப்பொடு படித்திரார். ஆனால் அக்கதையில் அறிவும் துணிவும் ஒருங்கே உடைய செயல் நூர்ஜகானுடையது என்பதையும் மறுத்தல் கூடாது. தன் வீட்டிலேயே நிகழும் குற்றத்தைக் கணவனுக்கு எதிராகவே அறிந்து செயற்படும் பெண் அவள். இன்றைய இல்லத்துத் திகில் நாவலில் அவளே தலைவியாயிருப்பாள். வடுவூரார் அவளைத் துணைப்பாத்திரமாக்கிக் கடந்துவிட்டார். அது நம் நாவல் இழந்த ஒரு வாய்ப்பு என்றே கருதுகின்றேன்.

வை. மு. கோதைநாயகி அம்மாளின் (1901–1960) இடம் இவ்விடத்தில் மறுபடி எடைபோடத் தக்கது. ஐந்தரை வயதில் மணமாகி, முறையான பள்ளிக்கல்வி பெறாத அவ்வம்மையார், தம் முதற்படைப்பாகிய 'இந்திரமோகனா' என்னும் நாடகத்தைத் தாம் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுத உருவாக்கினார். கதை பிறந்ததே தோழியின் கைவழி என்பதை நோக்குக. பின்னர்த் தாமே எழுதக் கற்று, 'வைதேகி' முதலாக 115 நாவல்கள் இயற்றினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். அவர்தம் நாவல்களில் ஆள்மாறாட்டம், மறைந்த உறவு, வஞ்சனை, எதிர்பாராத வெளிப்பாடு ஆகியவை நிரம்ப உள. துப்பறியும் கூறு மிக்கவை பலவும் 'குடும்ப நாவல்' என்னும் ஒரே பெட்டியில் இடப்பட்டன. ஆடவர் எழுதிய மருமம் துப்பறியும் நாவலாயிற்று. பெண் எழுதிய மருமம் குடும்ப நாவலாயிற்று. வகைப்பாடு தூயது என்று நம்பி வரலாறு எழுதும் நாம் அவ்வகைப்பாட்டின் வழியே அவரைத் துப்பறியும் நாவல் வரலாற்றினின்று நீக்கிவிட்டோம். சேது சமத்தான வித்துவான் ரா. இராகவையங்கார் 'நல்லிசைப் புலமை மெல்லியலார்' எழுதிச் சங்கப் பெண்பாற் புலவரைத் தனியே தொகுத்துக் காட்டியதற்கு ஒப்பான ஒரு பணி, இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியைகட்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. மலிவுத்தாளில் அச்சான அவ்விதழ்களும் நூல்களும் தொட்டால் உதிரும் நிலையில் உள என்பதால், இப்பணி நெடுங்காலம் காத்திராது.

பிற்காலத்தை விரைந்து கடக்கலாம். தேவகோட்டையிற் பிறந்த தமிழ்வாணன் சேதுநாடு தந்த பெரும் துப்பறியும் கதையாசிரியர். அவர் சங்கர்லாலோ உலகெலாம் சுற்றுபவர், அடுக்களைப் பக்கம் செல்லாதவர். பின்வந்த ராஜேஷ்குமாரின் ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா, சுபாவின் வைஜயந்தி ஆகியோர் துப்பறிவோரின் மனைவியராகவோ உடனுழைப்போராகவோ வருவர். இணையாக வருகின்றனர், தனியாக வரவில்லை. திரையில் 1954இல் வந்த 'அந்த நாள்' ஒரு விதிவிலக்கு. கணவன் நாட்டுக்குத் துரோகம் செய்வதை அவனுடைய வீட்டிலேயே கண்டறியும் மனைவியை அப்படம் காட்டிற்று.

தொடர் அறுதல் என்னும் கோளை மெய்ப்பிக்கும் நாவல் சிவசங்கரியின் '47 நாட்கள்'. மணமான கையோடு கணவனுடன் அயல்நாடு செல்லும் தமிழ்ப்பெண், அவனுக்கு ஏற்கெனவே மனைவி ஒருத்தி உண்டென்பதை அங்கே அறிகின்றாள். மொழி அறியாள், கையிற் பணமில்லை, கடிதம் எழுதவும் அவனையே சார்ந்திருக்க வேண்டும். தோழி, செவிலி, நற்றாய் என்னும் மூன்று கண்ணிகளும் கடலுக்கு அப்பால். கண்ணகி மதுரையில் நின்ற நிலையும் இவள் நிற்கும் நிலையும் ஒன்றே. கொலை இல்லாமலேயே கொலைக்கதையின் நடுக்கம் இந்நாவலில் எழுவதற்குக் காரணம் இத்தனிமையே. தமிழில் இல்லத்துத் திகில் நாவல் என்று ஐயமின்றிச் சுட்டத்தக்க ஒன்றைக் கூறுக என்பார்க்கு இதனையே காட்டலாம். இதுவும் 'குடும்ப நாவல்' பெட்டியிலேதான் உள்ளது.

அவ்வாறாயின், தொடர் மிகுதியும் அறுந்த நிலம் எதுவோ அதுவே இவ்வகை நாவலுக்கு வளமிக்க நிலமாதல் வேண்டும். சேதுக்கரை அத்தகைய நிலம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்றனர் முன்னோர். சென்றவன் வருவானா என்னும் கேள்வி பிற நிலங்களில் ஒரு பருவத்திற்கு உரியது. இக்கரையில் ஆண்டு முழுதும் உரியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்பு ஏற்பட்டபின், 1964 திசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, இக்கரை ஒரு பெரும் வாயிலாயிருந்தது. தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் தங்கி இலங்கை சென்றனர். நகரத்தார் பருமாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்தனர். கீழக்கரை முதலிய ஊர்களின் மரைக்காயர் கடல்வாணிகம் தொன்றுதொட்டது. அயல்நாடு போய்வருவாரைச் சபுராளி என்று குறிக்க அவர்களிடையே தனிச்சொல்லே உண்டு.

கரையில் தங்கியவள் ஆராய வேண்டியிருந்தது. அக்கரையில் அவனுக்கு மற்றொரு குடும்பம் உண்டா? உண்டியலில் வரும் பணம் குறைந்தது ஏன்? கடிதத்தின் கையெழுத்து மாறியது ஏன்? ஊர் திரும்பியவன் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றியது ஏன்? செவிலியின் வினாக்களே இவை. ஆனால் விடைதரத் தக்கவன் கடலுக்கு அப்பால். மாமியார்க்கு உண்மை தெரிந்தும் மகன்பொருட்டு மறைக்கும் வீடும் உண்டு. அங்குத் தொடரின் ஒரு கண்ணியே பகையாகிவிடுகின்றது. இப்புலப்பெயர்வை எழுதிய நாவலாசிரியருள் தலையாயவர் சிங்கம்புணரியிற் பிறந்த ப. சிங்காரம். அவருடைய 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டும் ஆடவரோடு கப்பலேறிப் பினாங்குக்கும் மெதானுக்கும் செல்கின்றன. தமிழ்நாவலின் உச்சங்களுள் அவை வைத்தெண்ணப்படுதல் முற்றும் பொருந்தும். ஆயினும் கரையில் நின்றவள் அவற்றில் நடுப்பாத்திரம் அல்லள்; பெட்டியில் அடுக்கிய கடிதங்களை மறுபடி மறுபடி படித்து ஒரு சொல்லில் ஐயங்கொள்ளும் பெண்ணை எழுதுவது அவர் நோக்கமும் அன்று.

வாய்மொழி வழக்கில் அவள் பேசியிருக்கின்றாள். இழவு வீட்டின் ஒப்பாரியில், மற்றெங்கும் வாய்திறவாத பெண், இறந்தவளுக்குக் கொடுமை செய்தவர் இன்னார் என்று பாட்டிலேயே குறிப்பிடல் உண்டு. அவையத்தார் அதனைப் பாட்டென்று கேட்டுக்கொள்வர். குற்றஞ்சாட்டப்பட்டவரும் எழுந்து மறுக்க இயலாது. தகாத சாவு எய்திய பெண் தெய்வமாகி, சாமியாடியின் வாயால் தன் சாவின் காரணத்தைக் கூறுதலும் தென்மாவட்டங்களில் பலவிடத்தும் உள்ள வழக்கு. ஒப்பாரியை இலக்கிய நயத்திற்காகத் தொகுத்தோர் பலர். அதனைச் சாட்சியமாகப் படித்தோர் சிலரே. யார் யாரைச் சுட்டினர், எச்சொல்லால் சுட்டினர், கேட்டவர் யாது செய்தனர் என்று குறித்துத் தொகுப்பின், துப்பறியும் கதையின் நாட்டார் இலக்கணம் ஒன்று கிட்டும்.

இக்கரையில் தொடர் இன்றும் அறுகின்றது. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளிலிருந்து செல்லும் படகு திரும்பாதபோது, மனைவி செல்ல வேண்டிய இடங்கள் பல: ஊர்த்தலைவர், மீன்துறை அலுவலகம், கடலோரக் காவல் நிலையம், சில வேளைகளில் கடலுக்கு அப்பாலுள்ள அரசின் சிறைப்பட்டியல். உடல் கிடைக்காதவரை அவன் இறந்தவன் அல்லன். ஏழாண்டுகளாக அவனைப் பற்றி எச்செய்தியும் கேட்டறியப்படவில்லை எனின், அவன் உயிரோடிருக்கின்றான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு கூறுவோரைச் சாரும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கின்றது. அவ்வேழாண்டும் அவள் மனைவியும் அல்லள், கைம்பெண்ணும் அல்லள். கடைசியாக அவனைக் கண்டவர் யார், காற்று எத்திசையில் வீசியது, அன்று உடன்சென்ற படகுகள் எவை, கரைசேர்ந்த வலைத்துண்டு யாருடையது என்று அவளே கேட்டுத் திரிகின்றாள். அவள் கையில் இருப்பன படகின் பதிவெண்ணும், கடலுக்குச் செல்லுமுன் பெற்ற அனுமதிச் சீட்டின் நாளும், ஒரு புகைப்படமும்.